பதினேழு போத்தல் பனி

மின்வெட்டு அட்டவணையில் எங்கள் ஆய்வுகூடம் 'எல்' பிரிவு.
ஆறரைக்குப் போய்
ஒன்பதுக்கு வரவேண்டிய கரண்ட்
பத்தரைக்கும் வரவில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று
காவலாளி கைவிரித்துக் காட்டினார்,
இருட்டில் எனக்குத் தெரியாதென்று
டோர்ச்சைத் தன் உள்ளங்கைக்கே அடித்து.

உறைபெட்டிக்குள் பதினேழு போத்தல்.
ஏப்ரலில், ஸ்வால்பார்டில்,
மார்பளவு குழி வெட்டி வழித்தெடுத்த பனி.
மைனஸ் இருபதில் இருக்கவேண்டியது
இப்போது மைனஸ் ஆறு.

கொழும்பில் பனி என்றால்
மார்கழி விடியலில் தலைக்குத் துண்டு கட்டச் சொல்கிற ஒன்று.
அங்கே அது சுவர்.
சுவரில் விரல் வைத்துப் படை படையாய் எழுதினேன்:
மேலே கோதுமை மா.
அதன்கீழ் ரவை.
ஒரு விரற்கடை கண்ணாடி, என்றோ மழை பெய்து உறைந்தது.
அடியில் சீனி,
அள்ளினால் கையில் நிற்காமல் ஓடுகிற சீனி.
நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடையில்
மூன்று வருஷம் கணக்கெழுதியவளுக்கு
வேறெப்படி எழுத வரும்.
சூல்வை வாசித்துக் காட்டச் சொல்லிச் சிரித்தாள்.
பிறகு தன் புத்தகத்திலும் ரவை என்றே எழுதினாள்,
தன் எழுத்தில்.

அவள் என் முதுகுப்பக்கம் நின்றாள்
துவக்கோடு,
கரடி வருமா என்று வெள்ளையைப் பார்த்தபடி.
துவக்குப் பிடித்த ஒருவர் பின்னால் நிற்க
நான் நிம்மதியாய்க் குனிந்து வேலை செய்தது
அதுதான் முதல்தரம்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

ரெஜிபோம் பெட்டி, உப்பு,
கன்டீனில் மிஞ்சிய ஐஸ்.
பெட்ரோல் வரிசையில் இரண்டு இரவு படுத்து
நாலு லீட்டர் வாங்கிய நிஸ்தாரின் ஓட்டோ.
"மீனா மிஸ்?"
"பனி."
"எந்த ஊர்ப் பனி?"
சொன்னேன்.
கொச்சிக்கடைச் சந்தி வரை பேசாமல் வந்தார்.
"அத அங்க போய் என்னத்துக்கு அள்ளினீங்க?"

கரி பார்க்க என்றேன்.
லொறிப் புகை, காட்டுத் தீ, சூளை,
எரிந்தது எதுவானாலும்
காற்றில் ஏறிப்போய் அங்கே இறங்கும்.
வெள்ளையில் ஒரு பொட்டுக் கறுப்பு போதும்,
வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
பனி வேளைக்கு முந்திக் கரையும்.
"எந்த ஊர் எரிஞ்சதெண்டு சொல்லுமா?"
"சொல்லாது.
எரிந்தது என்று மட்டும்."
கண்ணாடியில் என்னைப் பார்த்தவர்
பார்வையை எடுத்துக்கொண்டார்.

முகத்துவாரத்து ஐஸ் பெக்டரியில்
தனி ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
எட்மண்ட் இறால் தட்டுகளை ஒதுக்கி
ஒரு முழ இடம் தந்தார்.
"வாசம் பிடிச்சா என்னக் கேக்கப்படாது."
மூடி இறுக்கம் என்றேன்.
நம்பாமல் ஒரு பையும் சுற்றினார்,
ஏதோ புடவைக்கடைப் பை,
மயில் படம் போட்டது.

பதினாறுதான் வைத்தோம்.
ஒன்பதாவது
பெட்டி மூலையில் ஐஸ் படாமல் கிடந்து
வழியிலேயே கரைந்துவிட்டது.
பனியாய் இருந்தபோது கழுத்துவரை.
இப்போது இரண்டு விரல் தண்ணீர்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பி
மெழுகுதிரி வெளிச்சத்தில்
கைப்பம்பால் இழுத்து இழுத்து
அதை வடிதாளில் விட்டேன்.
நடுவில் ஒரு சாம்பல் வட்டம்,
ஐந்து ரூபாய்க் குத்தி அளவு.
நிமிர்ந்தேன்.
சுடரின் நுனியிலிருந்து மெல்லிய கறுப்பு நூல்
வடிதாளின் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

புத்தகத்தில் எழுதினேன்:
எண் ஒன்பது. நீக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
கொழும்பு என்று எழுதி
வெட்டி
மெழுகுதிரி என்று எழுதினேன்.
எழுதி முடியும்வரை
அதை அணைக்கவும் முடியவில்லை.